மயிலாத்தாளின் சந்தகை அச்சு

ஆவாரம்பாளையத்தில் மயிலாத்தாள் நடத்திய சந்தகைக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பவுண்டரிக்கும் பம்ப்செட் பட்டறைக்கும் போகிறவர்கள் காலையில் எந்த வீட்டு முன்னால் சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறார்களோ அதுதான் கடை. வாசலில் தகரம் இறக்கி, இரண்டு பெஞ்சு போட்டிருந்தாள். இட்லி, தோசை எதுவும் கிடையாது; இடியாப்பம்போல நூல்நூலாகப் பிழிகிற சந்தகை மட்டும்தான். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிய சந்தகை, எலுமிச்சை பிழிந்து தாளித்த சந்தகை, ஞாயிற்றுக்கிழமையானால் கோழிக்குழம்போடு சந்தகை. உச்சிவெயிலுக்கு முன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். அவளும் தீர்ந்துபோய்த்தான் உட்காருவாள்.

கிணத்துக்கடவுப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் சந்தகை என்பது விருந்தாளி வந்தால் பிழிகிற பண்டம். வீட்டில் உள்ள அத்தனை பேரும் அன்றைக்கு அச்சைச் சுற்றி நிற்பார்கள். இங்கே தினமும் பிழிய வேண்டியிருந்தது. சுற்றி நிற்பதற்கு அவள் புருஷன் லட்சுமணசாமி மட்டும்தான். ஒரே மகளை உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று.

லட்சுமணசாமி நூல் மில்லில் சைடராக இருந்தவர். நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடும்போது அறுந்துபோகிற இழையை விரல் நுனியால் பிடித்து ஒட்டிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிற வேலை. தொண்ணூற்று நாலில் மில்லைப் பூட்டிவிட்டார்கள். இன்றைக்குத் திறக்கும், அடுத்த மாசம் திறக்கும் என்று யூனியன்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை நம்பியும் நம்பாமலும் அவர் மனைவியின் அச்சுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிடித்தே ஆக வேண்டும். அந்த அச்சு முக்காலிபோல மூன்று இரும்புக் கால்களில் நிற்கும். நடுவே ஒரு குழல், குழலுக்கு அடியில் துளைத்தட்டு, மேலே தடித்த திருகு. இட்லியாக அவித்த மாவைச் சுடச்சுடக் குழலில் போட்டு, உச்சியிலிருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றத் திருகு மரைமரையாகக் கீழே இறங்கி மாவை நசுக்கும். துளைகள் வழியே நூல்நூலாக விழும். பிடிக்காவிட்டால் முக்காலியும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். முதல் பாதி சும்மா இறங்கும். பின்பாதிக்குள் சூடு ஆறிவிடும். ஆறிய மாவு கல்லுமாதிரி எதிர்த்து நிற்கும். அப்போதுதான் தோளில் அந்தக் குத்தல் வரும். குழல் காலியானதும் திருகை மேலே ஏற்றுவதற்கு அத்தனை சுற்றையும் திருப்பிச் சுற்ற வேண்டும். அப்புறம் அடுத்த ஈடு.

வருஷம் ஒன்று இப்படிப் போனதில் அவளுக்கு வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போயிற்று. டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்து அரிசி ஊறப்போட்டாள்.

ஆடிச் சாரலில் ஒருநாள் திருகு வழுக்க ஆரம்பித்தது. பிழிந்துகொண்டிருக்கும்போதே கைப்பிடி வெறுமனே சுழன்றது. திருகை அதன் நட்டோடு கழற்றி ஒரு சாக்குப்பையில் போட்டுக்கொண்டு கரீமின் லேத் பட்டறைக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி இருந்தது பட்டறை. கரீம் கோட்டைமேட்டுக்காரர். அவளைவிடச் சில வயது சின்னவர். தினமும் கடையில் எலுமிச்சைச் சந்தகை சாப்பிட்டுவிட்டுத்தான் போய் ஷட்டரைத் தூக்குவார்.

"ஏனுங் பாய், இது பாதியில வழுக்குதுங்க. மாவு எறங்கவே மாட்டேங்குது."

கரீம் நட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மரையெல்லாம் தேஞ்சு போச்சுங்கக்கா. உள்ளாற ஒண்ணுமே இல்லை. புது நட்டு கடைஞ்சு தாரேன். சித்த நேரம் உக்காருங்க."

ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். அந்த நேரத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உட்கார்ந்ததும் எழுந்திருக்க மனமில்லை. லேத் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரீம் முன்னால் இருந்த கைச்சக்கரத்தைச் சுற்றினார். கத்தியைத் தாங்கிய பெரிய இரும்புத் துண்டு இழுத்துவிட்டதுபோல நேராக ஓடி, வேண்டிய இடத்தில் நின்றது. கை லேசாகத்தான் சுற்றியது.

"அதெப்படிங்க அத்தனை கனம் அவ்வளவு வெரசா போகுது?"

கரீம் அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னார். லேத்தின் முன்பக்கத்தில், நீளவாட்டத்தில், பல் வெட்டிய ஒரு இரும்புப் பட்டை இருந்தது. சீப்பைப் படுக்கப் போட்டதுபோல.

"இதுக்கு ரேக்குன்னு பேருங்க. உள்ளாற ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்குது, அது பினியன். நான் சக்கரத்தைச் சுத்துனா பினியன் சுத்தும். அதோட பல்லு ரேக்கோட பல்லுல ஒவ்வொண்ணா மாட்டித் தள்ளிட்டே போகும். சுத்தறது நேரா போறதா மாறிப்போகும்."

"என்ற திருகும் அதையத்தானுங்களே பண்ணுது?"

"அதேதானுங்கக்கா. ஆனா உங்க திருகு ஒரு சுத்துக்கு ஒரு மரைதான் எறங்கும். இது ஒரு சுத்துக்கு முக்காச் சாண் போயிரும்."

பிறகு நட்டில் துளை போட டிரில்லிங் மிஷினுக்குப் போனார். அதன் பக்கத்தில் மூன்று கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கைப்பிடி. ஒரு கம்பியைப் பிடித்துக் கீழே இழுத்தார். சுழலும் டிரில் நேராகக் கீழே இறங்கியது. விட்டார். ஸ்பிரிங் இழுத்து மேலே போனது. இழுத்தார், இறங்கியது.

மயிலாத்தாள் பெட்டியிலிருந்து எழுந்து கிட்டே போனாள்.

"இதுலயும் அந்தச் சீப்பு இருக்குதுங்களா?"

"உள்ளாற இருக்குதுங்க."

"இந்த டிரில்லு இருக்கற எடத்துல ஒரு உருளையை மாட்டி, அடியில என்ற குழலை வெச்சா மாவு எறங்காதுங்களா பாய்?"

கரீம் மிஷினை நிறுத்தினார். கைப்பிடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எறங்குமுங்க," என்றார் மெதுவாக. "ஒரே இழுப்புல எறங்கும். சுத்தவே வேண்டாம், உங்க ஒடம்புக் கனத்துலயே தொங்கி இழுத்துப்போடலாம். ஆனா ஒண்ணுங்கக்கா. திருகுல நீங்க கையை எடுத்தாலும் அது எடுத்த எடத்துல நிக்கும். இது நிக்காது."

"நிக்க வெக்கறதுக்கு வழியில்லீங்களா?"

"பார்க்கலாமுங்க."

புது நட்டோடு வீட்டுக்கு வந்தாள். பத்துப் பதினைந்து நாளில் கரீம் உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஏதோ உடைந்த லேத்தின் ரேக்கைத் தேடிப்பிடித்தார். தெரிந்தவரிடம் பினியன் வெட்டி வாங்கினார். தடித்த இரும்புச் சட்டத்தில் எல்லாவற்றையும் பொருத்தி, முழ நீளத்துக்கு மூன்று கம்பி வைத்து, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். உருளை கெட்டி இரும்பு. அதைத் தூக்கி நிறுத்துகிற ஸ்பிரிங் அவருக்குச் சிக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டத்தில் ஒரு துளை போட்டு, ஒரு இரும்பு முளையைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"உருளையை மேல ஏத்துனதும் இந்த முளையைச் செருகிப்போடோணும். அப்பத்தான் மாவு போடோணும். மறந்தறாதீங்க."

லட்சுமணசாமி முளையைச் செருகி, எடுத்து, மறுபடி செருகிப் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் காலையில் மயிலாத்தாள் கம்பியைப் பிடித்து உடம்பைச் சாய்த்தாள். உருளை சரசரவென்று இறங்க, குழல் நிறைய இருந்த மாவு ஆவி பறக்கத் தட்டில் விழுந்தது. ஆறுவதற்கு நேரமே இல்லை. லட்சுமணசாமி சிரித்தார். மில் மூடியதற்கப்புறம் அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

தோள்வலி குறைந்தது. ஆனால் அவளுடைய நாள் குறையவில்லை. சீக்கிரம் பிழிய முடிகிறது என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் அரிசி ஊறப்போட்டாள். அதற்கேற்ப ஆட்ட வேண்டும், அவிக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும். அடுத்த தெருப் பட்டறைகளிலிருந்தும் தூக்குப்போசியோடு ஆள் வந்தார்கள். பெஞ்சு போதாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். முன்பெல்லாம் கோழி கூவும்போது எழுந்திருப்பாள். இப்போது அதற்கும் முந்தியே எழுந்தாள். தோளிலிருந்து இறங்கிய நோவு இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவசரத்தில் முளை மறந்துபோகத் தொடங்கியது. முழுக்க மறக்கவில்லை. செருகுவதும் எடுப்பதும் தாமதமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உருளையை மேலே ஏற்றிவிட்டுக் கம்பியை முழங்கையால் இடுக்கிக்கொள்வாள். அதற்குள் லட்சுமணசாமி இட்லியைக் குழலில் திணித்துவிடுவார். "முளையைப் போடு மயிலா," என்று அவர் சொல்வார். "போட்டுக்கலாமுங்க, நீங்க போடுங்க மாவை," என்பாள். இப்படியே மாசக்கணக்கில் ஓடியது.

தைமாசத்தில் ஒரு காலை. கூட்டம் நெருக்கியது. யாரோ பின்னால் நகர்ந்ததில் தேங்காய்ப்பால் அண்டா பெஞ்சு ஓரத்தில் சாய்ந்தது. மயிலாத்தாள் எதையும் நினைக்கவில்லை. அண்டாவைப் பிடிக்கக் கை தானாகப் போனது. முழங்கை கம்பியிலிருந்து விலகியது. உருளை ஒரே வீச்சில் கீழே வந்தது.

லட்சுமணசாமி கத்தவில்லை. "ஐயோ" என்று ஒரு மூச்சு மட்டும் விட்டார். இடது கையின் இரண்டு விரல்கள் குழலின் விளிம்புக்கும் உருளைக்கும் நடுவில் இருந்தன. கம்பியை மேலே தள்ளியவள் அவள்தான். எந்தக் கையால் தள்ளினாள், எப்படித் தள்ளினாள் என்று பிற்பாடு அவளுக்கு ஞாபகம் வரவேயில்லை. அண்டா சாயாமல் நின்றிருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனிக்கணுவை எடுத்துவிட்டார்கள். கரீம் பட்டறை உடுப்போடு ஓடி வந்து வார்டுக் கதவோரம் நின்றார்.

"நான் அதைச் செஞ்சிருக்கவே கூடாதுங்ணா."

"விடுங்க பாய். யாரு என்ன பண்ண முடியும்?" என்றார் லட்சுமணசாமி.

மயிலாத்தாள் கரீமைப் பார்க்கவில்லை. பார்த்தால் முளையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வதற்குத் தெம்பு இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கரீம் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சந்தகை சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அவள் புது அச்சைச் சாக்குப்போட்டு மூடி மூலையில் தள்ளினாள். பழைய திருகு அச்சை எடுத்து, அதன் கால்களைப் பெஞ்சோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். பிடிக்க ஆளில்லை. தனியாகவே சுற்றினாள். ஒரு சுற்று, ஒரு மரை. தோள் பழையபடி குத்தியது. குத்தட்டும் என்று இருந்தாள். அந்த வலியைக் குறைக்கப் போய்த்தானே இத்தனையும்.

சித்திரையில் மில் திறந்தது. ஒரே ஒரு ஷிப்டு, பழைய ஆட்களில் கொஞ்சம் பேருக்குத்தான் வேலை என்றார்கள். லட்சுமணசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

உள்ளே ஒரு பிரேமை ஓடவிட்டு, ஒவ்வொருவரையும் இழை ஒட்டிக் காட்டச் சொன்னார்கள். இருபது வருஷமாகச் செய்த வேலை. முழங்காலால் பிரேக்கை அழுத்தி, நூல் சுற்றும் கதிரை நிறுத்தினார். அறுந்த நுனியைத் தேடி எடுத்தார். இடது கையில் அதை வாங்க விரல்நுனி இல்லை. தையல் போட்ட மழுங்கல் சதைக்கு நூல் இருப்பதே தெரியவில்லை. நழுவியது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. சூப்பர்வைசர் அவரைத் தெரிந்தவர்தான். "போதுங்ணா, சொல்லியனுப்பறோம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் டிபன் பாக்ஸை அடுப்பு மேடையில் வைத்தார். மயிலாத்தாள் அதைக் கழுவ எடுத்தாள். கனமாக இருந்தது. திறக்காமலேயே திரும்ப வைத்தாள்.

"எடுத்துக்குவாங்களாமுங்களா?"

"இல்லை."

மதியம் முழுக்க அவர் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் எழுந்து எங்கேயோ போனார். டீக்கடைக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் போனது கரீமின் பட்டறைக்கு. கரீம் அவரைப் பார்த்ததும் லேத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"பாய், எங்க ரிங் பிரேம்ல முழங்காலால அழுத்துனாத்தான் கதிர் நிக்கும். நம்ம அச்சுக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும். ஆனா அதுக்குத் தலைகீழா. காலை வெச்சு அழுத்துனாத்தான் உருளை எறங்கோணும். காலை எடுத்துட்டா நின்னுபோகோணும். யாரும் ஞாபகம் வெச்சு எதையும் செருகக் கூடாது."

கரீம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அக்கா ஒத்துக்குவாங்களாங்ணா?" என்று கேட்டார்.

"அவளை நான் பார்த்துக்கறேன்."

ஆனால் பார்த்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இல்லை. சில நாள் கழித்து இருவரும் சேர்ந்து மூலையிலிருந்த அச்சை வெளியே இழுத்தபோது மயிலாத்தாள் கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"அந்தச் சனியனை மறுபடி என்ற கண்ணுல காட்டாதீங்க. இருக்கற வெரலையும் குடுக்கோணுமா?"

"மயிலா, இப்பிடி வா. வந்து பாரு."

"நான் பார்க்க மாட்டேனுங்க."

கரீம் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். பினியன் இருக்கிற தண்டின் மறுமுனையில் இன்னொரு பல்சக்கரத்தைப் பொருத்தினார். அதன் மேல் ஒரு இரும்பு நாக்கு. கீழே ஒரு மிதி. மிதியை அழுத்தினால் நாக்கு தூக்கிக்கொள்ளும், சக்கரம் இறங்க விடும். காலை எடுத்தால் நாக்கு பல்லுக்கிடையில் விழுந்துவிடும், சக்கரம் அசையாது. மேலே ஏற்றுவதற்கு மட்டும் எப்போதும் தடை இல்லை. பொருத்தி முடித்ததும் லட்சுமணசாமி கம்பியைத் தள்ளி உருளையை உச்சிக்கு ஏற்றினார். கம்பியை விட்டார். டக்கென்று ஒரு சத்தம். உருளை அங்கேயே நின்றது. அதன் அடியில் தன் நல்ல கையை நீட்டி வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

மயிலாத்தாள் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். இழுத்தவள் விடாமல் பிடித்துக்கொண்டே அழுதாள். கரீம் பட்டறைக்குக் கிளம்புவதுபோல சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தார்.

"பாய், போகாதீங்க," என்றாள். "அன்னைக்கு முளையைச் செருகாதது நானுங்க. நீங்க சொல்லித்தான் குடுத்தீங்க. நாந்தான் அவசரத்துல செருகலை. அன்னைக்கு மட்டுமில்லீங்க, எத்தனையோ நாளு செருகலை. ஆஸ்பத்திரியில அதைச் சொல்ல என்ற வாயி வரலீங்க."

கரீம் பையைக் கீழே வைத்தார். "மறக்கற மாதிரி ஒண்ணைச் செஞ்சு குடுத்தது நானுங்கக்கா," என்றார்.

அதற்கு மேல் யார் மேல் தப்பு என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து லட்சுமணசாமி அச்சில் நின்றார். மிதியில் கால், கம்பியில் உள்ளங்கை. இழை பிடிக்க முடியாத கைதான், ஆனால் இரும்பை அழுத்தி இழுக்க அந்தக் கை போதுமானதாக இருந்தது. மாவு போடுவதும் தட்டு மாற்றுவதும் மயிலாத்தாள். முதல் சில நாள் குழலில் கை வைப்பதற்கு முன்னால், மிதியிலிருந்து அவர் காலை எடுத்துவிட்டாரா என்று குனிந்து பார்ப்பாள். டக்கென்ற அந்தச் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் மாவை எடுப்பாள். நாளாக ஆகக் குனிந்து பார்ப்பது குறைந்தது. முழுக்க நிற்கவில்லை.

அவர் ஒன்றும் சந்தோஷமாக அந்த வேலையைச் செய்யவில்லை. மில் சங்கு ஊதும் நேரத்துக்குக் கை ஒரு கணம் நிற்கும், பிறகு இழுக்கும். அவளுடைய தோளும் சரியாகவில்லை. டாக்டர் சொன்னதை இனிமேல் கேட்டும் பிரயோசனமில்லை போலிருந்தது.

கரீம் திரும்ப வந்து பெஞ்சில் உட்கார்ந்த முதல் காலை, மயிலாத்தாள் கேட்காமலேயே எலுமிச்சைச் சந்தகையை வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் அச்சை நோட்டம் விட்டார்.

"அக்கா, இதுல ஒரு சின்ன மோட்டார் வெச்சுப்போடலாமுங்க. வார்ம் கியர் ஒண்ணு போட்டா வேகத்தைக் குறைச்சு பலத்தைக் கூட்டிக்கலாம். அண்ணன் இழுக்கவே வேண்டாம். சுவிட்சைத் தட்டுனாப் போதும்."

லட்சுமணசாமி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஆசை இருந்தது தெரிந்தது.

மயிலாத்தாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "வேண்டாமுங்க பாய். திருகு இருந்தப்ப எத்தனை ஊறப்போட்டனோ, சீப்பு வந்ததும் அதுக்கு மேல ஊறப்போட்டேன். மோட்டார் வந்தா அதுக்கும் மேல ஊறப்போடுவேன். எனக்கு என்னையத் தெரியும்."

"அப்பறம் என்னதான் பண்ணறது?" என்றார் லட்சுமணசாமி.

அன்றைக்கு மதியம் கடை கழுவி முடித்ததும் அவள் அரிசி மூட்டையைப் பிரித்தாள். படியால் அளந்து குண்டானில் கொட்டினாள். வழக்கமாகக் கொட்டுகிற அளவில் பாதியோடு நிறுத்தி, தண்ணீரை ஊற்றினாள். லட்சுமணசாமி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வருகிற ஆளுக்குப் பத்தாதே என்று நினைத்தார், பிறகு பெஞ்சில் காலை நீட்டிப் படுத்தார். அவளும் எதிர்ப் பெஞ்சில் போய்ச் சாய்ந்தாள். வெளியே பவுண்டரியில் வார்ப்புக்கு மண் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள்.